கோபத்தை ஊறப்போடும் கடை

தென்கொரியாவின் தென்கரையில், கப்பல் கட்டும் தளத்துக்கும் மீன் சந்தைக்கும் நடுவில் எங்கள் ஊர் இருந்தது. எங்கள் ஊர் என்று சொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டால், பதினேழு தமிழ்க் குடும்பங்கள் அங்கே வாடகைக்கு இருந்தோம், குளிரில் பல் கிட்டித்தோம், குப்பையை ஏழு விதமாகப் பிரித்துப்போடப் பழகினோம், அந்த உரிமைதான். அந்த ஊரின் பழைய கடைத்தெருவில், கப்பல் கயிறு விற்கும் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் இடையில், மனிதர்களின் கோபத்தை வாங்கி மண்ஜாடியில் விட்டு, கல்லுப்புத் தூவி, துணி கட்டி மூடிவைக்கிற கடை ஒன்று இருந்தது. எங்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்தவள் எமல்டா. பிற்பாடு அதற்காக அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்ட மாதிரி வேறு யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு எங்களில் யாரிடமும் கோபம் மிச்சமில்லை.

எமல்டா தூத்துக்குடிக்காரி. அங்கே பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். கணவன் ரெக்ஸனுக்குக் கப்பல் தளத்தில் வெல்டிங் சோதிக்கிற வேலை கிடைத்ததும் கூடவே வந்தாள். வேலை பார்க்கக் கூடாது என்று அவளுடைய விசாவில் போட்டிருந்தார்கள். பதினோரு வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற கால்கள் சும்மா இருக்குமா? காலையில் ரெக்ஸன் கிளம்பியதும் அவளும் கிளம்பிவிடுவாள். பொத்தான் மட்டும் விற்கிற கடை, ஒரு பக்கம் பல்செட்டும் மறுபக்கம் தூண்டில் முள்ளும் விற்கிற கடை, ஜோடி தொலைந்தவர்களுக்காக ஒற்றைச் செருப்பு விற்கிற கடை என்று ஒன்றொன்றாகக் கண்டுபிடித்து, எங்கள் வாட்ஸப் குழுவில் படம் போட்டு, கீழே நாலு வரி எழுதுவாள். மீன் குழம்பு கொதிக்கிற நேரத்தில் நாங்கள் அதைத்தான் படித்துச் சிரித்துக்கொண்டிருப்போம்.

ஒரு சித்திரை மாதக் காலையில் அவள் அந்த ஜாடிக் கடைக்குள் போனாள். இடுப்புயர ஜாடிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. ஊறுகாய்க் கடை என்று நினைத்து, "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்று தனக்குத் தெரிந்த கொரிய மொழியில் கேட்டாள். கடைக்காரி சுக்-ஜா, ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தவள், "இது தின்பதற்கில்லை, வைப்பதற்கு" என்றாள். அப்போதே பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர் வந்து, தொப்பியைக் கழற்றி, குட்டை முக்காலியில் உட்கார்ந்து, ஒரு ஜாடியின் வாய்மேல் குனிந்தார். ஏதோ முணுமுணுத்தார். அவர் வாயிலிருந்து செங்கல் நிறத்தில், கூழ் பதத்தில், ஆவி பறக்க அது இறங்கியது. சுக்-ஜா இரண்டு கை உப்பைத் தூவி மூடினாள். ஓட்டுநர் எழுந்து, முகம் துடைத்து, எமல்டாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

"உனக்கும் ஜாடி வேண்டுமா?" என்றாள் சுக்-ஜா.

எமல்டா உட்கார்ந்து குனிந்தே விட்டாள். நெஞ்சுக்குள் கனன்று தொண்டைவரை வந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள். அன்றைக்குக் குழுவில் படத்தைப் போட்டு இப்படி எழுதினாள்: "கடை ஜோருதான். ஆனா நான் வைக்கல. கோபப்படாம எங்க வீட்டுக்கு ஒரு குழாய்த் தண்ணிகூட வந்தது கிடையாது. இத இங்க வச்சிட்டு நான் என்னத்த வச்சிப் பொழைக்க?"

நாங்கள் கடைசி மூன்று வரியையும் விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் படித்தோம்.

அந்தக் கடை திறந்து அப்போதே நாலு வருஷம் ஆகியிருந்தது, ஊர் அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டும் விட்டிருந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு ஜாடிக்கடை என்றே பெயர் மாறியிருந்தது, மருத்துவர்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையோடு கடையின் முகவரியையும் எழுதிக்கொடுத்தார்கள், கல்யாணம் நிச்சயமானால் இரு வீட்டாரும் சேர்ந்து போய் ஆளுக்கொரு ஜாடி வைத்துவிட்டு வந்துதான் பத்திரிகை அடித்தார்கள், பள்ளிக்கூடத்தில் தேர்வு முடிந்ததும் ஆசிரியர்களை வரிசையாக அழைத்துப்போனார்கள், தொழிற்சாலைகள் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையை ஜாடி நாள் என்று அறிவித்து வேனில் ஆள் ஏற்றின. எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தணிகாசலம், கப்பல் தளத்தில் பதினாலு வருஷமாகத் திட்டப் பிரிவில் இருப்பவர், "பொங்கலுக்கு மைக் யாருக்குன்னு இனிமே சண்டையே வராது பாருங்க" என்று சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் கூட்டிப்போனார். அவருடையது பாதிக்கு மேல் நுரையாக இருந்தது. ரெக்ஸனுடையது டீத்தூள் சக்கை மாதிரி ஒரு கைப்பிடி. நானும் வைத்தேன். கரூரிலிருந்து புறப்பட்ட நாள் முதல் மாமியார், மேலதிகாரி, விமான நிலையத்தில் என் பையைக் கொட்டிக் கவிழ்த்தவன் என்று சேர்த்துவைத்திருந்தது அத்தனையும் புளித்த மாவு மாதிரி இறங்கியது. வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை.

எங்களுடையதும் போன பிறகு ஊரில் எதுவும் பழுது பார்க்கப்படவில்லை. எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கி நின்று மாதக்கணக்கில் ஆனது, பன்னிரண்டாம் மாடிக்காரர்கள் சிரித்துக்கொண்டே ஏறினார்கள், பாலத்தின் விளக்குகள் அணைந்தன, பள்ளிச் சோற்றில் வண்டு கிடந்தது, அதைப் பிள்ளைகள் எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள், கப்பல் தளத்தில் வேலை நேரம் ஒரு மணி கூடியது, மறுபடி ஒரு மணி கூடியது. எதைச் சொன்னாலும் எல்லோரும் "கென்சனா" என்றார்கள், அதாவது பரவாயில்லை. தமிழ் வீடுகளிலும் பிள்ளைகள் பரவாயில்லை என்று சொல்வதை விட்டுவிட்டு கென்சனா என்றே சொல்லத் தொடங்கின. எமல்டா ஒருத்தி மட்டும் மின்தூக்கிக்காக வாரம் மூன்று தடவை அலுவலகத்துக்குப் போய்க் கத்திவிட்டு வந்தாள். அங்கே அவளுக்குத் தேநீர் கொடுத்து, ஜாடிக்கடைக்கு வழி சொல்லி அனுப்பினார்கள்.

இந்த நேரத்தில்தான் யோகமலருக்குக் கை போனது.

யோகமலர் வவுனியாப் பெண், இருபத்தொன்பது வயது, மீன் அரைத்து அடை செய்கிற ஆலையில் வேலை. பல்செட்டும் தூண்டில் முள்ளும் விற்கிற கடையில் அவள் தனக்குத்தானே தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு எமல்டா பிடித்துக்கொண்டாள். அன்று முதல் ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்து சமைப்பார்கள். ஐப்பசியில் ஒரு நாள் அரைக்கிற இயந்திரம் அவளுடைய வலக்கையின் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. இயந்திரத்தின் வாய்க்கு ஓர் இரும்பு மூடி உண்டு. அது இருந்தால் கை உள்ளே போகாது. அது ஒரு மாதத்துக்கு முன்பே கழற்றப்பட்டிருந்தது. அந்தப் பெண்ணே கழற்றிவிட்டாள் என்று ஆலை எழுதிக்கொடுத்தது. மருத்துவமனைக் கட்டிலில், கட்டுப்போட்ட கையோடு யோகமலர் சொல்லச் சொல்ல எமல்டா நாலு பக்கம் புகார் எழுதினாள். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டு தாதிகள் வந்து எட்டிப்பார்த்தார்களாம். தொழிலாளர் அலுவலகம் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமையைக் குறித்து, நேரில் வந்து வாக்குமூலம் சொல்ல வேண்டும் என்றது.

ஆனால் யோகமலரை மருத்துவமனையிலிருந்து அனுப்பிய அன்றே ஆலை மேலாளர் ஹ்வாங் பழக்கூடையும் கையுமாக வந்து, அவளை வேனில் ஏற்றி, நேரே சுக்-ஜாவின் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். அவளுடைய கோபத்தை ஜாடி தாங்கவில்லை. அடிப்பக்கம் விரிசல் விட்டு, கம்பி சுற்றிக் கட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் கருவாட்டுக் குழம்போடு போன எமல்டாவிடம் யோகமலர் சிரித்த முகமாகச் சொன்னாள்: "வாங்கோ அக்கா. எனக்கு இப்ப ஒண்டும் இல்லை. அந்தக் கடதாசியைக் கிழிச்சுப் போடுங்கோ."

"கிழிக்கவா? ஏட்டி, மூடியக் கழட்டுனது நீதான்னு எழுதிருக்காங்க!"

"எழுதினா எழுதட்டும். நான்தான் கழட்டினனோ தெரியாது. ஆர் கழட்டினா என்ன, விரல் வரவே போகுது?"

எமல்டா குழம்புச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே கடைத்தெருவுக்கு நடந்தாள். சுக்-ஜாவின் முன்னால் நின்று, "யோகமலர் ஜாடியை எடு" என்றாள்.

"வைத்தவர் வந்து கேட்டால் கொடுப்பேன்."

"அவளுக்குக் கேட்கத் தோன்றாது. கேட்க வைக்கிறதைத்தான் நீ மூடி வைத்திருக்கிறாயே!"

சுக்-ஜா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நான் எதையும் விற்கவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. என் புருஷன் கோபத்திலேயே நெஞ்சு வெடித்துச் செத்தான். அதனால் இந்தக் கடையை வைத்தேன். திருப்பிக் கேட்டால் அன்றே கொடுக்கலாம் என்றுதான் பெயர் எழுதி ஒட்டுகிறேன். நாலு வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய?"

அந்த வாரம் நாங்கள் எமல்டா வீட்டுக்குப் போனோம். நல்ல புத்தி சொல்லப் போனோம். தணிகாசலம் சோபாவில் உட்கார்ந்து, "அம்மா எமல்டா, நாம பொழைக்க வந்த இடம். ஆலைக்காரங்க நல்ல மனுஷங்க. பழமெல்லாம் வாங்கிட்டுப் போயிருக்காங்க. நீயும் ஒரு ஜாடி வெச்சிட்டா உடம்புக்கு நல்லது" என்றார்.

"பழமா? அண்ணாச்சி, ஆரஞ்ச உரிக்க அவளுக்கு விரல் எங்க இருக்கு?" என்றாள் எமல்டா.

அதற்கும் நாங்கள் கோபப்படவில்லை. வெட்கப்படவும் இல்லை. ரெக்ஸன் மட்டும் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எமல்டா, விடுட்டி, பரவால்ல" என்றான். அவள் அந்தத் தம்ளரை வாங்கிக் குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டாள். வெல்டிங்கில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தாலும் கப்பலையே நிறுத்திவிடுகிறவன் என்று அவனைப் பற்றித்தான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள்.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது எமல்டா யோகமலரைக் காற்றாட நடக்கலாம் என்று கூட்டிப்போனாள். நானும் போனேன். ஆலை வாசலுக்கு எதிரில் பேருந்துக்குக் காத்திருந்தபோது வேலை முடிந்து ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். பிம்லா என்று பெயர், நேபாளத்திலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் ஜாடிக்கடைக்குக்கூடப் போகவில்லை. யோகமலரின் இயந்திரத்தில் இப்போது நிற்பவள் அவள்தான். இருவரும் உடைந்த கொரிய மொழியில் பேசிக்கொண்டார்கள்.

"மூடி போட்டாச்சா?" என்று கேட்டாள் யோகமலர்.

"எந்த மூடி?" என்றாள் பிம்லா. "சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொள் என்று சொன்னார்கள். சுருட்டிக்கொள்கிறேன்."

பிம்லாவின் கைகளில் மீன் செதில் ஒட்டியிருந்தது. குளிருக்கு அவள் விரல்களைக் கோத்துக்கோத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். யோகமலர் அந்தப் பத்து விரல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேருந்து வந்தது, பிம்லா ஏறினாள், பேருந்து போனது. யோகமலரின் முகத்தில் கோபம் இல்லை. அது ஜாடியில் அல்லவா இருந்தது. ஆனால் கண் நிறைந்திருந்தது. இரக்கத்தைக் கேட்டு வாங்கி மூடிவைக்கிற கடை அந்த ஊரில் இன்னும் திறக்கவில்லை.

"அக்கா," என்றாள், "அந்தக் கடை எத்தனை மணிமட்டும் திறந்திருக்கும்?"

சுக்-ஜா கம்பியை அவிழ்த்துத் துணியை எடுத்தாள். மூன்று மாதம் உப்பில் ஊறியதில் அது நிறம் மாறியிருந்தது. வைத்தபோது கறுப்பும் சிவப்புமாகக் கொதித்ததாம். இப்போது கட்டியெல்லாம் அடியில் தங்கி, மேலே தேன் நிறத்தில் தெளிந்து நின்றது. "புதிதாக இருக்கும்போது கத்தும். ஊறியது கத்தாது. ஆனால் காரம் அதிகம். மெதுவாகக் குடி" என்று சொல்லிக் கிண்ணத்தில் மொண்டு கொடுத்தாள். யோகமலர் இரண்டு விரல்கள் மட்டும் மிஞ்சிய கையாலேயே கிண்ணத்தைப் பிடித்து, நாலு கிண்ணம் குடித்தாள். நெற்றியில் வியர்வை அரும்பியது. காது மடல் சிவந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, "அவன் எனக்குப் பழம் கொண்டுவந்தவன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சுக்-ஜா ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

விசாரணைக்கு முந்தின நாள் எமல்டா இரும்புச் சாமான் கடைக்குப் போய், அரை நாள் அங்கேயே நின்று, ஸ்பானரைத் தொட்டு இதற்கு என்ன பெயர், போல்ட்டைத் தொட்டு இதற்கு என்ன பெயர், மூடிக்கு, பல்சக்கரத்துக்கு, கழற்றுவதற்கு, கழன்று விழுவதற்கு என்ன சொல் என்று கேட்டுக் கேட்டு, உள்ளங்கையில் தமிழில் எழுதிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை தொழிலாளர் அலுவலகத்துக்கு நான்கு பேர் போனோம். மொழிபெயர்க்கத் தணிகாசலம். யோகமலரின் பையைப் பிடித்துக்கொண்டு நான். எதிரில் ஹ்வாங், கழுத்துப்பட்டி கட்டி, புன்னகையோடு. அதிகாரி ஓர் இளம்பெண். அவளும் ஜாடி வைத்தவளோ என்னவோ, குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "இயந்திரத்தின் மூடியைக் கழற்றியது யார்?" என்று கேட்டாள்.

யோகமலர் கையை மேசைமேல் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நான் கழட்டேல்லை. செப்டம்பர் பன்னிரண்டாந் திகதி காலமை ஹ்வாங் ஐயாதான் ஸ்பானரோட வந்து நாலு போல்ட்டையும் கழட்டினவர். மூடி இருந்தா வேலை சுணங்குது எண்டு சொன்னவர். நான் வேண்டாம் எண்டனான். பயமெண்டா ஊருக்குப் போ எண்டு சொன்னவர். இப்ப அதே இடத்தில பிம்லா நிக்கிறா. இண்டைக்கும் மூடி இல்லை."

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கொண்டு கொரிய மொழியில் சொன்னார்: "மூடி எப்படியோ கழன்றிருந்தது என்கிறார். வேலை சீக்கிரம் நடக்க வேண்டும் என்று எல்லோருக்குமே அக்கறை இருந்தது என்கிறார்."

எனக்குக் கொரிய மொழி நன்றாகவே தெரியும். அவர் சொன்னது பொய் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு, நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. அன்றைக்கு எரியவில்லை.

எமல்டா எழுந்துவிட்டாள். உள்ளங்கையைப் பார்த்தாள். இலக்கணம் இல்லாத கொரிய மொழியில், ஒவ்வொரு சொல்லாக, பள்ளிக்கூடக் குரலில் சொன்னாள்: "மேலாளர். ஸ்பானர். போல்ட் நாலு. மூடி கழன்று விழவில்லை. கழற்றினார். அவர் கழற்றினார்." பிறகு தணிகாசலத்தின் பக்கம் திரும்பித் தமிழில், "அண்ணாச்சி, அவ கை போயிட்டு. நாக்கு போவல. அதயும் நீங்க வெட்டாதீய" என்றாள்.

ஹ்வாங்கின் புன்னகை அப்படியே இருந்தது, ஆனால் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். அதிகாரி தணிகாசலத்தை வெளியே போய் உட்காரச் சொன்னாள். தொலைபேசியில் தலைநகரத்திலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தாள். யோகமலர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

அன்று மாலைக்குள் அதிகாரி இரண்டு பேரோடு ஆலைக்குப் போய் இயந்திரத்துக்குச் சீல் வைத்தாள். மூடியைத் தேடினார்கள். அது ஹ்வாங்கின் அறையில், பூந்தொட்டிக்கு அடித்தட்டாக, தண்ணீர் தேங்கித் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கேள்விப்பட்டும் கோபம் வராததுதான் என்னைப் பயமுறுத்தியது, என் ஜாடியைத் திருப்பிக் கேட்கக் கடைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் பேருந்து ஓட்டுநர் நின்றிருந்தார், அவருக்கு முன்னால் பன்னிரண்டாம் மாடிப் பெண்மணி, அவருக்கு முன்னால் ரெக்ஸன். சுக்-ஜா ஒவ்வொரு ஜாடியாக இறக்கி, கிண்ணம் கிண்ணமாக மொண்டு கொடுத்தாள். என்னுடையதைக் குடித்தபோது முதலில் மாமியார் வந்தார், பிறகு விமான நிலையக்காரன் வந்தான், கடைசியில் நான் வந்தேன், மடியில் பையோடு கடலைப் பார்த்துக்கொண்டு. தணிகாசலம் வரிசையில் வந்து நிற்கவில்லை. அவருடைய நுரை ஜாடி இன்னமும் அங்கேதான் இருக்கிறது.

ரெக்ஸன் வீட்டுக்குப் போய், எமல்டாவிடம் மின்தூக்கி அலுவலகத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லிச் சட்டை மாற்றிக்கொண்டானாம். எட்டாம் நாள் மின்தூக்கி ஓடியது. ஊர் முழுக்கச் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். யோகமலருக்கு விரல் முளைக்கவில்லை. பாலத்தின் விளக்குகளில் பாதி இன்னும் எரியவில்லை. அதற்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை ஜாடி நாள். ஆலையின் வேன் வழக்கம்போல் வாசலுக்கு வந்து கதவைத் திறந்து நின்றது. புதிய மேலாளர் தலை வணங்கி, ஏறுங்கள் என்றார். அறுபது பெண்கள், கொரியர், வியட்நாமியர், நேபாளி, இலங்கையர், ரப்பர் காலணியோடு பனியில் நின்றார்கள். ஒருவரும் ஏறவில்லை. ஓட்டுநர் இரண்டு தடவை ஒலி எழுப்பினார். புது மூடி மாட்டிய இயந்திரத்திலிருந்து வந்த பிம்லா, வாசலுக்கு வந்திருந்த யோகமலரின் தோளை ஒட்டி நின்றுகொண்டு, உடைந்த கொரிய மொழியில் கேட்டாள்:

"வைக்காவிட்டால், இதை நான் என்ன செய்வது? நெஞ்சு சுடுகிறதே."

"வைத்திரு," என்றாள் யோகமலர். "உள்ளே மூடி இல்லாமல் இன்னும் ஆறு இயந்திரம் இருக்கிறது."